அகதிக் குடும்பங்களின் வாழ்நிலை ஆய்வு: நேரில் போவதா, போனில் கேட்பதா, உள்ளூர்க் குழுவிடம் விடுவதா?

தமிழக முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு உதவ வேண்டும் என்று சிங்கப்பூரில் ஒரு சங்கமோ கோயில் நற்பணிக் குழுவோ மாணவர் அணியோ முடிவெடுத்தால், இரண்டாம் கூட்டத்திலேயே யாராவது ஒரு கூகல் படிவத்தைத் தயாரித்துக் கொண்டு வந்துவிடுவார். நாற்பது கேள்விகள். முதல் கேள்வி பெயர், இரண்டாவது அடையாள அட்டை எண். யார் கேட்கப் போகிறார், எப்படிக் கேட்கப் போகிறார் என்பதைப் பற்றி யோசிக்கவே தொடங்கியிருக்க மாட்டார்கள். விடை மெய்யாக வருமா என்பதைக் கேள்வியைவிடக் கேட்கும் ஆள்தான் முடிவு செய்கிறார். அதனால் இங்கே ஒப்பிடுவது வழிகளை: தொண்டூழியர்கள் நேரில் போவது, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் கேட்பது, வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்புவது, உள்ளூர் அமைப்பு மூலம் முகாம் இளையர்களைக் கொண்டு செய்வது. ஆய்வே செய்யாமல் இருப்பது என்று இன்னொன்றும் உண்டு. அதையும் பார்க்க வேண்டும்.

இந்த வேலையை உள்ளூரில் ஒத்திகை பார்க்க வழியில்லை. சிங்கப்பூர் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. செம்பவாங்கின் ஹாக்கின்ஸ் ரோட்டில் வியட்னாமியப் படகு மக்களுக்காக 1978இல் திறந்த முகாமும் 1996இல் மூடப்பட்டுவிட்டது. இங்கிருந்து செய்யும் எந்த அகதி ஆய்வும் கடல் கடந்த ஆய்வுதான். இன்னொரு பழக்கமும் நம்மை ஏமாற்றும். புள்ளிவிவரத் துறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கதவைத் தட்டிக் குடும்பச் செலவு கேட்டால் சட்டப்படி பதில் சொல்லியாக வேண்டும். நமக்கும் அது பழகிப்போயிற்று. முகாமில் கேட்பவருக்கு அந்த உரிமை துளியும் கிடையாது. ஆனால் பதில் சொல்பவர் அப்படி நினைப்பதில்லை. அட்டையும் பேனாவுமாக வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் ‘மேலிடத்து’ ஆள்தான்.

களம் எப்படிப்பட்டது

1983 முதல் பல அலைகளாகத் தமிழகம் வந்தவர்கள் மூன்று லட்சம் பேர். அவர்களில் 58,000க்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ 19,000 குடும்பங்கள், நூற்றுச் சொச்சம் முகாம்களில் இருப்பதாக 2021இல் அரசு சொன்னது. காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாழ்பவர்கள் மேலும் 34,000 பேர். அதே ஆண்டு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். மாத உதவித்தொகையையும் உயர்த்தினார்கள்: குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்க்கு 500.

இந்த உதவித்தொகை, பெயர்ப்பட்டியலில் ஆள் இருக்கிறாரா என்பதோடு கட்டுண்டது. வருவாய்த் துறையும் உளவு பார்க்கும் கியூ பிரிவுப் போலீசும் அவ்வப்போது ஆள் கணக்கு எடுப்பார்கள். அப்போது இல்லாதவர் பெயர் கேள்விக்குள்ளாகும். ஆண்களில் நிறையப் பேர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள். வேலை வெளியூரில் என்றால் வாரக்கணக்கில் அங்கேயே தங்குவார்கள். அந்த வீட்டில் போய், ‘நேற்று இரவு இந்த வீட்டில் யார் யார் தூங்கினீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். வாழ்நிலை ஆய்வுகளில் உலகெங்கும் முதலில் கேட்கும் சாதுவான கேள்விதான் அது. இங்கே அதற்கு எல்லாரும் இருந்ததாகத்தான் பதில் வரும். ஒரு பொய் அங்கே விழுந்தால் ஆள்வீதம் இடம், ஆள்வீதம் தண்ணீர், ஆள்வீதம் வருமானம் என்று அதன்மேல் கட்டும் எல்லாக் கணக்கும் சாய்ந்துவிடும்.

‘எந்த ஆண்டு வந்தீர்கள்?’ என்பதும் அப்படித்தான். 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் தங்கியதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் இந்திய அரசு விலக்கு அளித்தது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது தோணி ஏறி வந்தவர்கள் அந்தத் தேதிக்குப் பிந்தியவர்கள். ஆண்டைக் குறித்துவைத்தால் சட்டத்தில் யார் பலவீனமானவர் என்ற பட்டியலைத்தான் தயாரிக்கிறீர்கள். உங்கள் திட்டம் கூரைக்குத் தகரம் போடுவது என்றால் அந்த ஆண்டு எதற்கு?

சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘விசாரணை’ போலீஸ் சொல், ‘கணக்கெடுப்பு’ ஆள் கணக்கை நினைவூட்டும். ‘வீட்டு நிலைமை பற்றிக் கொஞ்சம் கேட்க வந்திருக்கிறோம்’ என்றால் போதும்.

நேரில் போகும் தொண்டூழியர்

பள்ளி விடுமுறையில் பத்து நாள், பன்னிரண்டு பேர், ஒரு வேன். சிங்கப்பூர்க் குழுக்களுக்கு இயல்பாகத் தோன்றும் வழி இதுதான். மூன்று தடைகள் உண்டு. பலரும் விமான டிக்கெட் வாங்கிய பிறகே அவற்றைச் சந்திக்கிறார்கள். முகாமுக்குள் நுழைய மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அல்லது மறுவாழ்வுத் துறை ஆணையரகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். முகாம் தலைவர் ‘வாங்க’ என்று சொன்னது அனுமதி ஆகாது. அடுத்து, சுற்றுலா விசா ஆய்வுக்கானது அன்று. மாட்டிக்கொண்டால் உங்களுக்கு ஒரு நாள் தலைவலி, உங்களை உள்ளே விட்ட குடும்பங்களுக்கோ மாதக்கணக்கில். மூன்றாவது தடை விடைகளின் தரம்.

வெளிநாட்டிலிருந்து வந்தவரைப் பார்த்ததும் பதில் மனுவாக மாறிவிடும். வருமானம் குறையும், கடன் கூடும், ஒழுகாத கூரையும் ஒழுகும். அதைப் பொய் என்று சொல்லக் கூடாது. உதவ வந்தவரிடம் தேவையை எடுத்துச் சொல்வது மனித இயல்பு. உள்ளூர் அதிகாரி போல் தெரியும் ஒருவர் கேட்டால் நேர்மாறு: எல்லாம் சரியாக இருக்கிறது, எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம். ஒரே வீடு, ஒரே வாரம், இரண்டு விதமான பதில். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் உண்மை வந்துவிடாது.

மொழியும் நினைக்கும் அளவு எளிதில்லை. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் தமிழில் பேசினாலும், ‘மலசலகூடம் பொதுவா, தனியா?’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘டாய்லெட் ஷேர் பண்றீங்களா, ஆன்ட்டி?’ என்பார்கள். புரியும், ஆனால் ‘அக்கா’ என்றும் ‘அம்மா’ என்றும் தொடங்கும் பேச்சில் வரும் நெருக்கம் வராது.

இந்த வழி எதற்கு நல்லது என்றால், கண்ணால் பார்த்து அளக்க வேண்டியவற்றுக்கு. பழைய முகாம் வீடுகளில் பல பத்துக்குப் பத்து அடி. அதாவது 100 சதுர அடி, 9.3 சதுர மீட்டர். ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு 1.86 சதுர மீட்டர். மனிதாபிமான உதவிக்கான ஸ்ஃபியர் கையேடு சொல்லும் குறைந்த அளவு 3.5, சமையலும் குளியலும் உள்ளேயே என்றால் 4.5க்கும் மேல். நாடாவின் ஒரு முனையை வீட்டுக்காரரே பிடிக்கட்டும். லேசர் கருவியைச் சுவரில் காட்டினால் இடிக்க வந்தவர் என்ற பேச்சு மதியத்துக்குள் முகாம் முழுக்கப் பரவிவிடும்.

சிங்கப்பூரிலிருந்து தொலைபேசி

செலவு குறைவு, வேன் வேண்டாம். சனிக்கிழமை மாலை சங்க அறையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் வேலை நடக்கும் என்ற எண்ணம். நடைமுறையில் முதலில் குறுக்கே நிற்பது 65 என்று தொடங்கும் எண். மோசடி அழைப்பென்று பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். எடுப்பவர் வெளிநாட்டு உறவினரை எதிர்பார்த்து எடுத்தவராக இருப்பார். அடுத்தது நேரம். வேலைக்குப் போனவர் வீடு திரும்பும் இந்திய நேரம் இரவு 7 மணி, நமக்கு 9.30. சாப்பிட்டு முடித்து அவர் நிதானமாகப் பேசும்போது இங்கே கடைசி எம்ஆர்டி போகும் நேரம்.

எண்கள் எங்கிருந்து கிடைக்கும் என்பதுதான் இதைவிடப் பெரிய சிக்கல். முகாம் தலைவர் தரும் பட்டியலில் அவருக்கு வேண்டியவர்கள் இருப்பார்கள். எண் பெரும்பாலும் கணவன் பெயரில்; தண்ணீர் பிடிப்பதும் அரிசி அளப்பதும் மனைவி. போனை வாங்கிப் பேசும்போதே கணவன் பக்கத்தில் நிற்பார், ஒலிபெருக்கியும் போட்டிருப்பார்கள். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே நுட்பமான கேள்விகளை ‘ஆம், இல்லை, மூன்று, ஐந்து’ என்று மட்டும் பதில் வரும்படி எழுத வேண்டும். கேள்வி பக்கத்தில் நிற்பவர் காதில் விழவில்லை என்றால் ‘இல்லை’ என்ற சொல் எதையும் காட்டிக்கொடுக்காது.

பதினைந்து நிமிடம் வரை கவனம் நிற்கும். இருபதைத் தாண்டினால், இருப்பதை எல்லாம் ‘இல்லை’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ‘ஆம்’ என்றால் கூடுதலாக நான்கு கேள்வி வருகிறது என்பதை மூன்றாம் கேள்விக்குள் எவரும் கண்டுபிடித்துவிடுவார். அறையின் அளவு, கூரை, கழிப்பறைக் கதவு ஆகியவற்றைப் போனில் கேட்பதில் பொருளில்லை.

ஆனாலும் இந்த வழியை ஒதுக்கிவிட முடியாது. ஒரு முறை நேரில் அறிமுகமாகி, ‘மாதம் ஒருமுறை இந்த எண்ணிலிருந்து இன்ன அக்கா பேசுவார்’ என்று சொல்லிவிட்டு வந்த வீடுகளில் தொலைபேசி அருமையாக வேலை செய்யும். ஒரே சுற்று ஆய்வு பருவத்தை மறைத்துவிடும்: மே மாதம் போனால் தண்ணீர்தான் சிக்கல், நவம்பர் மழையில் கூரைதான் சிக்கல். மாதாமாதம் பத்து நிமிடப் பேச்சு அந்த ஏற்றத்தாழ்வைப் பிடிக்கும். முதல் அறிமுகத்துக்குப் போன் வேண்டாம். தொடர்ச்சிக்கு அதைவிட மலிவான வழி இல்லை.

வாட்ஸ்அப் படிவம்

சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம். நிரப்புகிறவர்கள் பிளஸ் டூவும் கல்லூரியும் படிக்கும் பிள்ளைகள். இணைப்பு அடுத்த முகாமுக்கும் போகும், ஒரே வீட்டிலிருந்து மூன்று பதில் வரும், தனியே இருக்கும் எழுபது வயது ஐயா கணக்கிலேயே வரமாட்டார். யாரிடமிருந்து பதில் வரவில்லை என்பது தெரியாத தரவை எந்த எடையிட்டும் சரிசெய்ய முடியாது. திட்டம் ஓடத் தொடங்கிய பிறகு குறைகளைச் சொல்ல ஒரு வழியாக வைத்துக்கொள்ளலாம். குரல் பதிவு வாங்கினால் ஒன்றை மறக்க வேண்டாம்: பெயர் இல்லாவிட்டாலும் குரலே அடையாளம்.

உள்ளூர் அமைப்பும் முகாம் இளையர்களும்

பெரும்பாலான குழுக்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான், ஒரு நிபந்தனையுடன்: கேட்பவர் அதே முகாமைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. பக்கத்து முகாம் இளையருக்கு மொழி தெரியும், ஆள் கணக்கின் பயம் தெரியும், பதிலில் எது நம்பும்படி இல்லை என்பதும் தெரியும். அதே முகாம் என்றால் கடன் எவ்வளவு என்று கேட்கும் பெண்ணின் சித்தியே கடன் கொடுத்தவராக இருக்கலாம். கேட்பவர்கள் ஆறு பேர் என்றால் நான்கு பேராவது பெண்களாக இருக்கட்டும். பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெண்கள். கழிப்பறை, குளியல், இரவில் நடமாடும் பயம் ஆகியவற்றை ஆண்களிடம் சொல்ல மாட்டார்கள்.

பணம் அனுப்பும் வழியை முதலிலேயே தீர்க்க வேண்டும். கூட்டாளி அமைப்புக்கு இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் புதுடில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க முடியும், வாங்கிய அமைப்பு அதை வேறொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. பதிவு பெற்ற பெரிய அமைப்புக்கு அனுப்பி, ‘அவர்கள் சின்ன அமைப்புக்குக் கொடுப்பார்கள்’ என்ற பழைய ஏற்பாடு செல்லாது. நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காடு உச்சவரம்பு இருப்பதால், ஆய்வுச் செலவு எந்தத் தலைப்பில் வருகிறது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில், வெளிநாட்டு நற்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினால் அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டியதில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்ற பொது விதியிலிருந்து உங்களுக்கு விலக்கு உண்டா என்பதையும் உண்டியல் வைக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி எண்ணிக்கை. ‘384 வீடு போதும்’ என்பது எல்லாரும் எங்கிருந்தோ பிடித்துக்கொண்ட எண். 95 விழுக்காடு நம்பிக்கையில், கூட்டியும் குறைத்தும் 5 விழுக்காடு பிழையோடு, வீடுகளை மாநிலம் முழுவதும் சிதறலாகத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே அது சரி. முகாம் முகாமாகப் போனால் சரியில்லை, ஏனெனில் ஒரே முகாமின் பத்து வீடுகளுக்கு ஒரே குழாய், ஒரே கான்ட்ராக்டர் போட்ட கூரை. பத்து வீடு கேட்டாலும் பத்துத் தகவல் கிடைப்பதில்லை. பிழையை 7 விழுக்காடாகத் தளர்த்தினால் அடிப்படை எண் 196. முகாமுக்குப் பத்து வீடு எடுத்து, ஒரே முகாமின் வீடுகள் எந்த அளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் ஒற்றுமைக் கெழுவை 0.1 என்று வைத்தால் 1.9ஆல் (1 + 9 × 0.1) பெருக்க வேண்டும்: 373. பத்தில் ஒருவர் கிடைக்க மாட்டார் என்று கூட்டினால் ஏறத்தாழ 420 வீடுகள், 42 முகாம்கள். அலைச்சலைக் குறைக்க முகாமுக்கு இருபது வீடு என்று மாற்றினால் பெருக்கல் எண் 2.9 ஆகிவிடும். முகாம்கள் 32 ஆகக் குறையும், வீடுகளோ 630ஐத் தாண்டும். டீசலில் மிச்சம் பிடித்ததைக் கூலியில் கொடுக்க வேண்டியதுதான்.

ஒருவர் ஒரு நாளில் தரம் கெடாமல் ஆறு வீடு கேட்கலாம், வீட்டுக்கு 35 நிமிடம். 420 வீட்டுக்கு 70 ஆள்நாள். ஆறு பேர் என்றால் 12 நாள். அதற்கு முன் மூன்று நாள் பயிற்சி, தேர்வில் வராத ஒரு முகாமில் ஒரு நாள் ஒத்திகை. ஒரே முகாமில், சுமார் 200 குடும்பங்களுக்கு மட்டும் உதவப் போகிறீர்கள் என்றால் மாதிரியெடுப்பே வேண்டாம். கணக்குப்படி 5 விழுக்காட்டுப் பிழைக்கு 132 வீடு போதும்தான். ஆனால் மீதி 68 வீட்டுக்காரர்கள் தங்கள் பெயர் ஏன் விட்டுப்போயிற்று என்று உதவி முடியும் வரை கேட்டுக்கொண்டிருப்பார்கள். 200 வீட்டையும் கேட்டுவிடுங்கள், ஒரு வாரம்கூட ஆகாது.

பூட்டிய வீட்டுக்கு வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை போக வேண்டும், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. ‘பக்கத்து வீட்டைக் கேட்டுக்கொள்கிறேன்’ என்பதற்கு இடமே கொடுக்கக் கூடாது. பூட்டியிருப்பது வேலைக்குப் போன வீடு, திறந்திருப்பது முதியவரும் நோயாளியும் இருக்கும் வீடு. மாற்றிக்கொண்டே போனால் முகாமில் யாருக்கும் வேலையில்லை என்ற முடிவு வரும்.

குடும்பம் என்றால் எது என்பதும் களத்தில்தான் உடையும். பட்டியலில் ஒரு குடும்ப அட்டை. உள்ளே போனால் தாய் தகப்பன் ஓர் அடுப்பு, கல்யாணமான மகன் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னோர் அடுப்பு. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம் என்று வரையறுத்து, அட்டை எண்ணிக்கையையும் அடுப்பு எண்ணிக்கையையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். குறிப்பது எண்ணிக்கையை மட்டும். அட்டையில் உள்ள எண்ணை அன்று. ஆள் எண்ணிக்கைக்கு, பெயர் கேட்காமல், ‘இந்த அடுப்பில் கடந்த ஏழு நாளில் சராசரியாக எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். சோற்றுக் கணக்கில் யாரும் பொய் சொல்வதில்லை.

தட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

பயிற்சி மூன்று நாள் எதற்கு என்று கேட்பவர்களுக்காக. உலக உணவுத் திட்டத்தின் உணவு நுகர்வு மதிப்பெண் எளிய கருவி: கடந்த ஏழு நாளில் எந்த வகை உணவை எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று கேட்டு, தானியத்துக்கு 2, பருப்புக்கு 3, காய்க்கும் பழத்துக்கும் தலா 1, மீன், இறைச்சி, முட்டைக்கு 4, பாலுக்கு 4, சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் தலா 0.5 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும்.

ஒரு வீட்டில் சோறு ஏழு நாளும், பருப்பு இரண்டு நாள், காய் ஐந்து நாள், மீன் ஒரு நாள், சீனியும் எண்ணெயும் தினமும். கூட்டினால் 14, 6, 5, 4, 3.5, 3.5, மொத்தம் 36. இப்போது அந்த அக்கா, ‘பால்? தினமும் தேத்தண்ணிக்கு ஊத்துவம்’ என்கிறார். பயிற்சி இல்லாதவர் பாலுக்கு 7 என்று போடுவார். ஏழு நாலு இருபத்தெட்டு, மதிப்பெண் 64, செழிப்பான வீடு. தேநீரில் ஊற்றும் கொஞ்சப் பால் பால் வகையில் சேராது. அது தாளிதப் பொருளைப் போல, மதிப்பு சுழியம். சம்பலில் இடித்துப் போட்ட மாசித்துண்டும் மீன் அன்று. சொதியில் விட்ட தேங்காய்ப்பாலைப் ‘பால்’ என்று குறிப்பவர்களும் உண்டு.

எல்லைக்கோடும் இதே போலக் காலை வாரும். வழக்கமான வெட்டுப்புள்ளி 21, 35: 21 வரை மோசம், 35 வரை விளிம்பு, அதற்கு மேல் ஏற்கத்தக்கது. அதன்படி 36 எடுத்த வீடு ‘ஏற்கத்தக்கது’. எண்ணெயும் சீனியும் நாள்தோறும் புழங்கும் சமூகங்களுக்கு 28, 42 என்பதே பொருத்தம். அப்போது அதே வீடு ‘விளிம்பில்’. தமிழ் வீட்டில் எண்ணெய் இல்லாத நாள் ஏது? தவறான கோட்டை எடுத்தால் உதவி தேவைப்படும் வீடுகளில் ஒரு பகுதி அறிக்கையிலேயே மறைந்துவிடும்.

தண்ணீரை லிட்டரில் கேட்காதீர்கள். குடத்தில் கேட்டு, அந்த வீட்டின் ஒரு குடத்தை அளந்துகொள்ளுங்கள். ஐந்து பேருக்கு ஆள்வீதம் 15 லிட்டர் என்ற குறைந்த அளவே 75 லிட்டர்: 15 லிட்டர்க் குடத்தில் ஐந்து நடை, 12 லிட்டர்க் குடத்தில் ஆறுக்கு மேல். உடற்குறை பற்றியும் ‘யாராவது ஊனமுற்றவர் உண்டா?’ என்று கேட்டால் இல்லை என்றே வரும். ‘கண்ணாடி போட்டாலும் பார்க்கச் சிரமமா? நடக்க, படியேறச் சிரமமா?’ என்று செயலைக் கேட்டு, சிரமமில்லை, கொஞ்சம், நிறைய, முடியவே முடியாது என்ற நான்கில் ஒன்றைக் குறிக்கும் வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள்தான் சரி. ‘நிறைய’ என்பதிலிருந்து மேலே கணக்கில் எடுக்க வேண்டும்.

கருவிக்குக் கோபோ டூல்பாக்ஸ் போதும்: இணையம் இல்லாமலே ஆண்ட்ராய்டு போனில் ஓடும், தமிழில் கேள்வி காட்டும், ஐந்து பேர் வீட்டில் ஏழு மாணவர் என்று போட்டால் தடுக்கும்படி அமைக்கலாம். வீட்டின் ஜிபிஎஸ் புள்ளியை அணைத்து வையுங்கள், முகாமின் குறியீடு போதும். தினமும் மாலை பேட்டி நீளத்தைப் பாருங்கள். 35 நிமிடப் படிவம் 11 நிமிடத்தில் முடிந்திருந்தால் அது மரத்தடியில் நிரப்பியது. பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் திரும்பப் போய், மாறாத ஐந்து கேள்வியை மட்டும் மறுபடி கேட்க வேண்டும்: அறை எத்தனை, கழிப்பறை பொதுவா, பள்ளிக்குப் போகும் பிள்ளை எத்தனை என்பது போல.

ஒப்புதலுக்குக் கையெழுத்து வாங்க வேண்டாம். காகிதத்தில் போட்ட கையெழுத்து பிறகு எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வாயால் கேட்டால் போதும். ‘அக்கா, நாங்கள் அரசாங்க ஆள் இல்லை. உங்கள் பெயரோ அட்டை எண்ணோ எழுத மாட்டோம். பதில் சொன்னால் உதவி கிடைக்கும் என்றும் இல்லை, சொல்லாவிட்டால் கிடைக்காது என்றும் இல்லை. பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம். முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். கேட்கலாமா?’ இதை மனப்பாடமாக ஒப்பிக்காமல் சொல்லப் பழகவே பயிற்சியில் அரை நாள் போகும். சோப்போ நோட்டுப்புத்தகமோ கொடுப்பதென்றால் மறுத்த வீட்டுக்கும் கொடுங்கள்.

ஆய்வே வேண்டாம் என்ற தேர்வு

கையில் இருப்பது ஐயாயிரம் வெள்ளி, செய்யப் போவது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை வாங்கிக் கொடுப்பது என்றால் ஆய்வு வீண். கேள்வித்தாளை எடுத்து ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும், ‘இதன் விடை 30 விழுக்காடாக இருந்தால் என்ன செய்வோம், 70 ஆக இருந்தால் என்ன செய்வோம்?’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடலாம். இப்படி அடித்துக்கொண்டே போய் எட்டுக் கேள்விதான் மிஞ்சுகிறது என்றால், முகாமில் பல்லாண்டு வேலை செய்யும் அமைப்பிடம் ஏற்கெனவே உள்ள விவரத்தைக் கேட்டு வாங்கி, கூடவே நான்கு சிறு குழுக்களோடு பேசினால் போதும்: குடும்பத் தலைவிகள், வேலைக்குப் போகும் ஆண்கள், பதின்ம வயதுப் பிள்ளைகள், முதியவர்கள். எட்டெட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம். இதிலிருந்து விழுக்காடு எதுவும் சொல்ல முடியாது, ‘எட்டில் ஆறு பேர் சொன்னார்கள்’ என்றும் அறிக்கையில் எழுதக் கூடாது. ஆனால் கழிப்பறைக்கு விளக்கு இல்லாததுதான் கதவு இல்லாததைவிடப் பெரிய பயம் என்பது போன்ற செய்தி எந்தப் படிவத்திலும் அகப்படாது, இங்கே அகப்படும்.

மண்டபம், கும்மிடிப்பூண்டி போன்ற பெயர் தெரிந்த முகாம்களுக்கு ஏற்கெனவே பலர் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே ஐந்தாவது ஆளாகப் போய் அதையே கேட்பதற்குப் பதில் யாரும் போகாத சிறு முகாமுக்குப் போகலாம்.

எனவே தேர்வு தொகையைப் பொறுத்தது. சிறு தொகை, தெரிந்த தேவை: ஆய்வு வேண்டாம், குழுப் பேச்சு. ஒரே முகாம், வீடு சீரமைப்பு போல ஆளுக்கு ஆள் வேறுபடும் உதவி: பக்கத்து முகாம் இளையரைக் கொண்டு எல்லா வீடும். பல மாவட்டம், பல ஆண்டுத் திட்டம்: 420 வீட்டு மாதிரி, பிறகு அதில் ஒப்புக்கொண்ட நூறு வீட்டோடு மாதாந்தரத் தொலைபேசி. சிங்கப்பூர்த் தொண்டூழியர்களின் பங்கு படிவம் கட்டுவது, நாள்தோறும் தரவைச் சரிபார்ப்பது, மாதாந்தர அழைப்பு. கதவைத் தட்டுவது அன்று.

தரவு இங்கே வந்து சேர்ந்தால், அது யாருடைய விவரமாக இருந்தாலும் சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்கள் சங்கத்தைக் கட்டும். பொறுப்பாளர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும், தொலைபேசி எண்கள் உள்ள கோப்பும் பதில்கள் உள்ள கோப்பும் தனித்தனியே இருக்க வேண்டும், சங்கத்தின் பொது வாட்ஸ்அப் குழுவில் எக்செல் கோப்பு சுற்றக் கூடாது. பெயரை நீக்கியதால் ஆள் மறைந்துவிடுவதில்லை. நாற்பது வீட்டு முகாமில் ‘நடக்க முடியாத, மூன்று பிள்ளைகள் உள்ள விதவை’ யார் என்று கேட்டால் குழாயடியில் இருக்கும் பிள்ளைகூடக் கை காட்டும். அட்டவணையில் ஐந்து வீட்டுக்குக் குறைவான கட்டங்களை வெறுமையாக விடுங்கள், சிறு முகாம்களைப் பெயர் சொல்லாமல் மாவட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

அறிக்கை அச்சுக்குப் போகும் முன் இரண்டு பக்கச் சுருக்கத்தை முகாமில் வாசித்துக் காட்ட ஒரு மாலையை ஒதுக்குங்கள், ஞாயிறு ஐந்து மணி என்றால் ஆண்களும் இருப்பார்கள். ‘தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கா எண்டு ஆர் சொன்னது? மேல் வரிசைக்கு அஞ்சு நாள்’ என்று யாராவது எழுந்து சொல்வார். மேல் வரிசை வீடுகள் மாதிரியில் எத்தனை வந்தன என்று அன்றிரவே திறந்து பாருங்கள்.